கணக்கு சர்வருக்கு இரட்டை டிஸ்க்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்வோரில் பலர் பேரேட்டைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறோம். கல்லா, கிடங்கு, கணக்கர் மேசை மூன்றுக்கும் பொதுவாக ஒரு சர்வர் வைத்தால், அதில் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வகை மென்பொருளைப் போடலாம். இவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் சர்வரில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்து, அது பழுதானால் பற்று வரவு முழுவதும் போய்விடும். வரி விவரம் ஜிஎஸ்டி இணையதளத்தில் இருக்கும். சில்லறைக் கடைக்காரர் தர வேண்டிய பாக்கி அங்கே இருக்காது.

இதற்கு வழி 'மிர்ரரிங்'. கார்பன் தாள் வைத்து பில் எழுதுவது போல, ஒவ்வொரு பதிவையும் சர்வர் இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். ஒன்று கெட்டாலும் மற்றதைக் கொண்டு வியாபாரம் நடக்கும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988-ல் வெளியிட்ட 'ரெய்ட்' கட்டுரையில் இது முதல் நிலை. விற்பவர் 'ரெய்ட் 1' என்று சொன்னால் இதுதான். 'ரெய்ட் 0' என்றால் வேண்டாம்; அதில் ஒரு டிஸ்க் போனாலே எல்லாம் போகும்.

1 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினாலும் கிடைக்கும் இடம் 1 டிபிதான். அளவு வேறுபட்டால் சிறியதன் அளவே கணக்கு. தனி ரெய்ட் கார்டு கெட்டால், பெரும்பாலும் அதே வகைக் கார்டைத் தேட வேண்டியிருக்கும். லினக்ஸில் 'எம்டி', ஃப்ரீபிஎஸ்டியில் 'ஜிமிர்ரர்', 'இசட்எஃப்எஸ்' ஆகியவை கார்டு இல்லாமலே இவ்வேலையைச் செய்யும். டிஸ்க்கை அதே மென்பொருளுள்ள வேறு கம்ப்யூட்டரில் மாட்டியும் படிக்கலாம். 'இசட்எஃப்எஸ்' கூடுதலாக, ஒரு படியில் எழுத்து சிதைந்திருந்தால் கண்டறிந்து மறுபடியிலிருந்து திருத்தும்.

பலர் கோட்டை விடுவது 'பூட்' விஷயத்தில்தான். சுவிட்சைப் போட்டதும் சர்வரைக் கிளப்பிவிடும் பகுதி அது. கணக்கு இரண்டு டிஸ்க்கிலும் இருந்து, பூட் பகுதி ஒன்றில் மட்டும் இருந்தால், அந்த டிஸ்க் போன அன்று சர்வர் எழாது. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. இரண்டு டிஸ்க்கிலும் பூட் பகுதியை வைப்பது. நம் கடைகளுக்கு இதுவே ஏற்றது.

2. பூட்டுக்கென்று தனியாகச் சிறிய எஸ்எஸ்டி. அது கெட்டாலும் கணக்கு பத்திரம். ஆனால் மென்பொருளை மறுபடி ஏற்றும்வரை பில் போட முடியாது.

3. பென் டிரைவ். செலவு குறைவு, ஆனால் ஓயாமல் எழுதினால் சீக்கிரம் தேயும்.

பணம் கொடுக்குமுன் சோதித்து வாங்குங்கள். சர்வரை நிறுத்தி, ஒரு டிஸ்க்கைக் கழற்றி, மறுபடி இயக்கச் சொல்லுங்கள். எழுந்தால், கழற்றியதைச் சேர்த்து, இரண்டும் முழுமையாகச் சமமான பிறகு மற்றதைக் கழற்றிப் பாருங்கள். டிஸ்க் பழுதானால் கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ தகவல் வரும்படியும் செய்யச் சொல்லுங்கள். முதல் டிஸ்க் போனது தெரியாமல் இருந்துவிட்டால் இரண்டாவதும் போகும் நாளில்தான் விழிப்போம்.

மிர்ரரிங் இருப்பதால் தனிப் பிரதி வேண்டாம் என்று எண்ண வேண்டாம். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நம் பகுதி பார்த்திருக்கிறது. ஒரே பெட்டியிலுள்ள இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும். ஆகவே தினமும் கடை அடைக்குமுன் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். கம்ப்யூட்டர் கணக்குக்கு, விபத்தோ இயற்கைச் சீற்றமோ வந்தாலும் மீட்கக்கூடிய பிரதி இருக்க வேண்டும் என்கிறது அதன் 57-ஆம் விதி. சட்டம் கேட்காவிட்டாலும், பாக்கி வசூலுக்கு நமக்கு ஆதாரம் அந்தப் பேரேடுதானே!