திரை இருண்டால் திகைக்க வேண்டா

அலுவலகத்திற் பாவித்துப் பின் புதுப்பித்த கணினியொன்றைச் சேமித்த பணத்தில் வாங்கி வருகிறோம். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது; திரையிலோ ‘நோ சிக்னல்’ என்னும் எழுத்து மாத்திரமே தோன்றுகிறது. பிள்ளையின் முகம் வாடுகிறது.

உடனே புதுத் திரைக்குப் பணந் தேட வேண்டா. அவ்வெழுத்தைக் காட்டுவது திரையேயாகும்; ஆதலின் அது பெரும்பாலும் பழுதற்றதே. தடை வழியிலே இருத்தல் கூடும்.

கணினியின் பின்புறத்தை நோக்குக. படம் தரும் துவாரங்கள் ஈரிடத்தில் உளவோ? அங்ஙனமாயின் கிராபிக்ஸ் அட்டை தனியே பூட்டப்பட்டிருக்கிறது. அப்போது தாய்ப்பலகையின் துவாரம் பெரும்பாலும் செயலற்றிருக்கும். வடத்தை அட்டையிற் செருகுக.

அடுத்து, மின்னை நிறுத்தி, வடத்தின் இரு முனைகளையும் கழற்றிப் பார்க்க. 1987இல் அறிமுகமான வீ.ஜீ.ஏ. முறையின் ஊசி வளைந்திருப்பினும் படம் கெடலாம். வடத்தை இறுகச் செருகியபின், அது பொருந்திய துவாரத்தைத் திரையின் பொத்தானாலும் தெரிவு செய்தல் அவசியம்.

டிஸ்பிளே போர்ட்டை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் சாதாரண வடம் ஒருவழிப் பாதை போன்றது; டிஸ்பிளே போர்ட் முனை கணினிப் பக்கமே இருத்தல் வேண்டும்.

இவ்வளவிலும் படம் வாராவிடின், அயலவரிடம் வேறொரு வடம் இரவல் வாங்கிச் சோதித்த பின்னரே கடைக்காரரை நாடுக. பணப்பையைத் திறக்குமுன் கணினியின் முதுகைப் பார்ப்பதே சிக்கனம்.