முதல் மூன்று வாரத்திலேயே தெரிந்துவிடுமா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சொல்லும் கணக்கு!

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் செய்வது இதைத்தான். ஒன்றிரண்டு ஆட்டங்களைப் பார்த்ததுமே, ‘இந்த வருஷம் கப் நமக்குத்தான்’ என்று ஒரு கூட்டம் கொண்டாடும். ‘கோச்சை மாத்துங்கப்பா’ என்று இன்னொரு கூட்டம் கொதிக்கும். இதில் எந்தக் கணிப்பு பலிக்கும், எது பொய்க்கும்? 2024-ம் ஆண்டு சீஸன் இதற்கு அருமையான பாடம்.

அதற்கு முன் ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிபட்டிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுவோம்.

இது மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடும் கால்பந்து அல்ல. இருபுறமும் கூரான, முட்டை வடிவப் பந்து. அணிக்கு 11 பேர். 100 யார்டு நீள மைதானம். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச் டவுன், 6 புள்ளிகள். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல், 3 புள்ளிகள். பந்தை யாரிடம் எறிவது, யார் கையில் கொடுப்பது என்று களத்தில் ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக்.

முதல் தரப் பிரிவில் மட்டும் 2024-ல் 134 பல்கலைக்கழக அணிகள் ஆடின. ஆகஸ்ட் கடைசியில் சீஸன் தொடங்கும். வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் சனிக்கிழமைகளில். ஓர் அணிக்கு மொத்தமே 12 லீக் ஆட்டங்கள்தான். ஐ.பி.எல்-லில் ஓர் அணி ஆடும் 14 ஆட்டங்களைவிடவும் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாழ்வா சாவா என்றாகிவிடுகிறது.

சறுக்கிய இரண்டு அணிகள்

இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பந்துகூட ஆடப்படும் முன்பே தரவரிசை வந்துவிடும். சுமார் 60 பத்திரிகையாளர்கள் வாக்களித்து ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிடும் பட்டியல் அது. 2024 தொடக்கத்தில் அதில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணிக்கு 10-வது இடம். நோட்ர டேம் அதற்கும் மேலே.

ஃப்ளோரிடா ஸ்டேட்டின் முதல் ஆட்டம் அயர்லாந்தின் டப்ளினில் நடந்தது. ஜார்ஜியா டெக் அணி கடைசி நொடி ஃபீல்டு கோலால் 24-21 என வென்றது. ‘வெளிநாட்டு மண், கடைசி உதை, போகட்டும்’ என்று தேற்றிக்கொண்டார்கள். அடுத்து சொந்த மைதானத்தில் பாஸ்டன் காலேஜிடம் 28-13. பிறகு மெம்ஃபிஸிடம் 20-12. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி.

நோட்ர டேம் முதல் ஆட்டத்தில், லட்சம் பேர் கூடும் டெக்சாஸ் ஏ அண்டு எம் மைதானத்துக்கே போய் 23-13 என ஜெயித்தது. ஐந்தாம் இடத்துக்கு வந்தது. செப்டம்பர் 7 அன்று சொந்த மைதானத்தில் எதிரே நின்றது நார்தர்ன் இல்லினாய். பெரிய அணிகள் லட்சக்கணக்கான டாலர் கொடுத்து, சுலபமாக ஜெயிக்கலாம் என்று அழைக்கும் சிறிய அணிகளில் ஒன்று. அந்த ‘விருந்தாளி’ 16-14 என்று ஜெயித்துவிட்டுப் போனது! நோட்ர டேம் ஒரே வாரத்தில் 18-வது இடத்துக்கு விழுந்தது. தொலைக்காட்சி விமர்சகர்கள் பலர் ‘கதை முடிந்தது’ என்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கதை. ஃப்ளோரிடா ஸ்டேட் 12 ஆட்டங்களில் 2 மட்டுமே ஜெயித்தது. நோட்ர டேம் அடுத்த வாரமே பர்டூ அணியை 66-7 என நொறுக்கி, அங்கிருந்து தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்று, 2025 ஜனவரியில் தேசிய இறுதிப்போட்டிக்கே போய்விட்டது. அங்கே ஒஹையோ ஸ்டேட்டிடம் 34-23 எனத் தோற்றது. இடையே நவம்பரில் இந்த இரண்டு அணிகளும் மோதின. நோட்ர டேம் 52, ஃப்ளோரிடா ஸ்டேட் 3.

செப்டம்பரில் இரண்டுமே ‘தோற்ற அணி’. வித்தியாசம் அப்போதே தெரிந்திருக்குமா? ஓரளவு தெரிந்திருக்கும்.

தோற்றதைவிட, எப்படித் தோற்றது?

நார்தர்ன் இல்லினாய் ஆட்டத்தில் நோட்ர டேம் குவாட்டர்பேக் ரைலி லெனார்ட் எறிந்த பந்தை இரண்டு முறை எதிரணி பிடித்துவிட்டது. இரண்டாவது முறை பிடித்ததில் இருந்துதான் வெற்றி தந்த ஃபீல்டு கோல் வந்தது. கடைசி நொடிகளில் நோட்ர டேம் உதைத்த பந்தும் தடுக்கப்பட்டது. லெனார்ட் அந்த அணிக்குப் புதியவர். அவருக்கு அரண் கட்டும் வரிசையிலும் அனுபவம் குறைவு. இவையெல்லாம் ஆட ஆடச் சரியாகக்கூடிய குறைகள். அவர்களின் தற்காப்போ இரண்டு ஆட்டங்களிலும் எதிரணியை 16 புள்ளிகளுக்கு மேல் எடுக்க விடவில்லை.

ஃப்ளோரிடா ஸ்டேட்டின் நோய் வேறு. இந்த விளையாட்டில் ஒவ்வொரு முறையும் இரண்டு வரிசைகள் மல்யுத்தக்காரர்கள் போல முட்டிக்கொள்ளும். யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்பதுதான் அடித்தளம். பாஸ்டன் காலேஜ் அவர்களைத் தள்ளிக்கொண்டு 250 யார்டுகளுக்கு மேல் ஓடியது. இவர்கள் பதிலுக்கு ஓடிய தூரம் மிகச் சொற்பம். முந்தைய ஆண்டு அணியிலிருந்து 10 பேர் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லுக்குத் தேர்வாகிப் போயிருந்தார்கள். வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை வைத்து அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். அடைபடவில்லை.

பந்து கைநழுவுவதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. கூரான பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், ஆட்டத்துக்கு 60 முறை பின்னுக்குத் தள்ளப்படுவதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. ஸ்கோர் போர்டைப் பார்ப்பதற்கு முன் இந்த வரிசைகளைப் பாருங்கள்.

ஜெயித்தாலும் இதே கணக்குதான்

தோல்வியைப் போலவே வெற்றியும் ஏமாற்றும். நோட்ர டேமைச் சாய்த்த நார்தர்ன் இல்லினாய், தன் அடுத்த ஆட்டத்திலேயே பஃபலோவிடம் தோற்றது. 2025-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் முதல் ஆட்டத்தில் அலபாமாவையே 31-17 என வீழ்த்தியது. அடுத்த இரண்டும் எளிய எதிரிகள், எளிய வெற்றிகள். மூன்றுக்கு மூன்று! ரசிகர்கள் பழசையெல்லாம் மறந்தார்கள். சீஸன் முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி. தோற்ற அலபாமாவோ பிளே-ஆஃபுக்குப் போனது.

இந்தியானா பல்கலைக்கழகத்தின் கதை இதற்கு நேர் எதிர். 2023-ல் 12-ல் 3 வெற்றி மட்டுமே பெற்ற அணி. புதிய கோச் கர்ட் சிக்னெட்டி வந்தார். முன்பு பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக வீரர்கள் பலரையும் கூடவே அழைத்து வந்தார். 2024-ல் முதல் மூன்று ஆட்டங்களில் 31-7, 77-3, 42-13. ‘சோப்ளாங்கி அணிகளை அடித்தால் போதுமா?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. ஆனால், பத்துக்குப் பத்து ஜெயித்து, பிளே-ஆஃபுக்கும் போனார்கள். அடுத்த சீஸனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசிய சாம்பியன்!

அதனால் எதிரி யார் என்று பாருங்கள். அதோடு, கோச்சும் வீரர்களும் ஒருவரை ஒருவர் எத்தனை நாளாக அறிவார்கள் என்றும் பாருங்கள். கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை. ஆகவே பாதி அணி புதுமுகங்களாக இருப்பது சகஜம். கூட்டுக் குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள் போல, அவர்களுக்கும் இடம் பழகச் சில வாரங்கள் பிடிக்கும்.

அவசரத் தீர்ப்பின் விலை

முன்பு பிளே-ஆஃபுக்கு நான்கே அணிகள். 2023-ல் 13 ஆட்டங்களையும் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கே, குவாட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸ் காயமடைந்ததால் இடம் மறுக்கப்பட்டது. 2024 முதல் 12 அணிகள். எனவே ஒரு சறுக்கலோடு கதை முடிவதில்லை. அந்த ஆண்டு சாம்பியனான ஒஹையோ ஸ்டேட்டே இரண்டு முறை தோற்ற அணிதான். தேர்வுக் குழு தன் முதல் பட்டியலை வெளியிடுவதே நவம்பர் தொடக்கத்தில்தான். அவர்களே அதுவரை பொறுத்திருக்கிறார்கள்!

ரசிகர்களுக்குத்தான் பொறுமை இல்லை. இது வெறும் அரட்டையாக இருந்தால் பரவாயில்லை. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகு, 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் விளையாட்டுச் சூதாட்டம் சட்டப்படி நடக்கிறது. பணத்தை இழந்தவர்கள் அந்த ஆத்திரத்தை மாணவர்களின் சமூக வலைதளப் பக்கங்களில் கொட்டுகிறார்கள். தனி வீரர்களின் ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டுவதைத் தடை செய்யுங்கள் என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ-வின் தலைவர் சார்லி பேக்கர் 2024-ல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். களத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் 18 முதல் 22 வயதுப் பிள்ளைகள். சனிக்கிழமை ஆடிவிட்டு, திங்கள்கிழமை வகுப்புக்குப் போக வேண்டியவர்கள்.

எனவே, உங்கள் மகனோ மகளோ அங்கிருந்து போன் செய்து, ‘எங்க காலேஜ் டீம் முதல் மேட்ச்சே தோத்துடுச்சுப்பா’ என்று புலம்பினால், மூன்று கேள்விகள் கேளுங்கள். ‘எதிரி யாரு? பந்தைக் கைநழுவவிட்டுத் தோத்தாங்களா, தள்ளப்பட்டுத் தோத்தாங்களா? டீம்ல புதுசா வந்தவங்க எத்தனை பேர்?’ பதிலைக் கேட்டுக்கொண்டு, அக்டோபர் பாதி வரை தீர்ப்பைத் தள்ளிவையுங்கள். அரிசி இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்கவில்லை!