வெல்லத்துக்குள் ஒளிரும் கரி

கரும்புச் சாறு கொப்பரையில் கொதித்துப் பாகாகி வெல்லப் பதத்துக்கு வருவதற்குள், அதிலுள்ள சர்க்கரையில் கொஞ்சம் கருகி மிகமிக நுண்ணிய கார்பன் துகள்களாகிவிடுகிறது. 2012இல் குவாஹாட்டி ஐஐடி ஆய்வாளர்கள் வெல்லம், ரொட்டி, கருக்கிய சர்க்கரை, கார்ன்ஃபிளேக்ஸ், பிஸ்கட் ஆகியவற்றிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றின் அளவும் 4 முதல் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். மளிகைக் கடையில் வாங்கும் உருண்டை வெல்லத்தில் நடந்திருப்பதும் இதே ரசாயனம்தான்.

கரி கறுப்பு. ஆனால் பத்து நானோமீட்டருக்கும் கீழே சுருங்கிய கரித் துகளைத் தண்ணீரில் கரைத்துப் புற ஊதா விளக்கில் பிடித்தால் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிர்கிறது. 2004இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் புகைக்கரியிலிருந்து கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்தபோது இது தற்செயலாகக் கண்ணில் பட்டது. பின்னர் ‘கார்பன் புள்ளி’ என்று பெயர் பெற்றது. உயிரணுவுக்குள் விளக்கேற்றிப் பார்க்க அதுவரை பயன்பட்ட குவாண்டம் புள்ளிகள் பலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் உண்டு. கரியில் அந்தத் தொல்லை இல்லை.

வெல்லத் துகள் ஒளிர்வதென்னவோ மங்கலாகத்தான். உறிஞ்சும் ஒளியில் 0.55 சதவீதத்தையே அது திருப்பித் தருகிறது. ரொட்டித் துகள் 1.2 சதவீதம். அதே 2012இல் ரூர்கேலா என்ஐடியில் ஆரஞ்சுச் சாற்றை மூடிய கலனில் 120 டிகிரியில் இரண்டரை மணி நேரம் சூடாக்கி எடுத்த புள்ளிகள் 26 சதவீதத்தை எட்டின. மனித எலும்புப் புற்றணுக்களோடு சேர்த்து வைத்தபோது அவை உள்ளே புகுந்து அணுக்களை ஒளிரச் செய்தன.

படம் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. இத்துகளின் மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த தொகுதிகள் நிறைய இருப்பதால் அது தண்ணீரில் எளிதாகக் கரையும். டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்தை அதில் ஏற்றி அனுப்பவும் முடியும். இரும்பு அயனி வந்து ஒட்டினால் ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறது என்று அளந்தால் இரும்பின் அளவு தெரிந்துவிடும்.

நூற்றாண்டுகளாகத் தின்பதுதானே, ஆகவே பாதுகாப்பானது என்ற வாதம் இந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும். அது பாதி சரி. வயிற்றுக்குள் போவது வேறு, ஊசி வழியே ரத்தத்தில் கலப்பது வேறு. சுமார் 5 நானோமீட்டருக்கும் சிறிய துகளைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். பெரியது கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கக்கூடும். நீல ஒளி தோலைத் தாண்டி ஆழம் போகாது என்பதால் சிவப்பில் ஒளிரும் புள்ளி தேவைப்படுகிறது. போதாக்குறைக்கு, ஒரு ஆரஞ்சு போல் இன்னொன்று இருப்பதில்லை; மருந்து என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே தரம் வேண்டும். அதனால்தான் உணவிலிருந்து எடுத்த புள்ளிகள் இன்னும் உயிரணு, எலிச் சோதனைகளைத் தாண்டி மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

ராணிப்பேட்டை போன்ற தோல் பதனிடும் வட்டாரத்துக்கு இதைவிடக் கிட்டத்தில் இருக்கும் பயன் தண்ணீர்ச் சோதனை. தோலுக்குப் போடும் குரோமிய உப்பு மூன்று இணைதிறன் கொண்டது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவிலிருந்து நிலத்தடி நீரில் கசிந்தது ஆறு இணைதிறன் வகை, புற்றுநோய் உண்டாக்கவல்லது. கார்பன் புள்ளியை ஒளிரவைக்கத் தேவையான புற ஊதாக் கதிரை இந்தக் குரோமியம் தானே விழுங்கிவிடுவதால், மாதிரி நீரில் அது கூடக்கூட ஒளி குறைகிறது. ஆனால் இரும்பும் ஒளியை மங்கச் செய்யும் என்பதால், கிணற்று நீரில் அதை முதலில் விலக்கிய பிறகே கிடைக்கும் அளவை நம்பலாம்.