தொண்டு நிறுவனத்தில் ஒரு கோடை: தொழிலைத் தேர்வு செய்ய என்ன கற்றுத்தருகிறது?

செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு கல்லூரி மாணவர்கள் பலர் இன்டர்ன்ஷிப் கடிதத்தை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைவதைப் பார்க்கிறோம். யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டப்படிப்புக்கான கட்டமைப்பு, இன்டர்ன்ஷிப்புக்கும் கிரெடிட் வழங்க வகை செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், 'சர்டிபிகேட் கிடைத்தால் போதும்' என்ற மனநிலையும் கூடவே வந்துவிட்டது. தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, விடுமுறையை வீட்டில் கழிப்பவர்களும் உண்டு. அவர்கள் இழப்பது என்ன என்பதைப் பார்ப்போம்.

இருபது வயதில் பெரும்பாலோர் தொழிலைத் தேர்வு செய்வது அதன் பெயரைக் கேட்டுத்தான். வக்கீல், ஆடிட்டர், ஆசிரியர், கலெக்டர் என்ற பெயர்கள் தெரியும். அதற்குள்ள மரியாதையும் சம்பளமும் ஓரளவு தெரியும். அந்த வேலையில் இருப்பவர் காலை பத்து மணி முதல் மாலை வரை உண்மையில் என்ன செய்கிறார் என்பது தெரியாது. பணி ஓய்வு பெறும்வரை நாம் செய்யப்போவதோ அதைத்தான். சில வாரங்கள் அருகில் இருந்து அதைப் பார்ப்பதே இன்டர்ன்ஷிப்பின் பயன்.

ஏன் தொண்டு நிறுவனம்?

பெரிய கம்பெனியில் சேரும் மாணவருக்கு ஒரு மேஜையும் ஒரு வேலையும் கிடைக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனத்தில் அப்படி இருக்க முடியாது. காலையில் கள ஆய்வுக்குப் போனவர், மதியம் படிவங்களைக் கணினியில் ஏற்றுவார். மாலையில் வவுச்சர்களை அடுக்கிக்கொண்டிருப்பார். அறிக்கை எழுதுபவர், கணக்குப் பார்ப்பவர், அதிகாரிகளிடம் மனு கொண்டுபோகிறவர், நன்கொடையாளர்களிடம் பேசுகிறவர் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். நான்கைந்து தொழில்களை ஒரே கோடையில் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு இது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. 'ஏழைகளுக்குக் கண் அறுவை சிகிச்சை' என்றதும் நம் நினைவுக்கு வருவது மருத்துவர் மட்டுமே. ஊர் ஊராகச் சென்று முகாம் ஏற்பாடு செய்கிறவர்கள், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண் உதவியாளர்கள், நோயாளிக்குப் புரியும்படி விளக்கிச் சொல்லும் ஆலோசகர்கள் ஆகியோர் இல்லாமல் அந்தப் பணி நடக்காது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைக் குறைந்த விலையில் தயாரிக்க 1992இல் அரோலேப் தொடங்கப்பட்டது. அங்கே பொறியாளர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு சேவைக்குள் எத்தனை தொழில்கள் என்பது உள்ளே நுழைந்தால்தான் தெரியும்.

நாமும் மதரஸாவில் ஓதிவிட்டுக் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவர்களாதலால், 'பி.ஏ. படித்து என்ன செய்யப்போகிறாய்?' என்ற கேள்வியை நன்கறிவோம். மக்களிடம் பேசி, கேட்டதைத் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு எங்கே தேவை இருக்கிறது என்பதை இத்தகைய இடங்களில் நேரில் காணலாம்.

இரக்கம் மட்டும் போதாது

சேவை செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வரும் மாணவரை முதல் வாரத்திலேயே சலிப்படையச் செய்வது படிவங்கள்தாம். விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருந்தால், அவருக்காகக் கண்ணீர் விடுவதால் பயனில்லை. எந்த அலுவலகத்தில், எந்தச் சான்றுடன் திருத்த வேண்டும் என்று தெரிந்தவர்தான் அவருக்கு உதவ முடியும். மூன்று முறை திருப்பி அனுப்பினாலும் நான்காம் முறை பொறுமையாகப் போகிறவர் வேண்டும். 'இந்தப் பொறுமை எனக்கு இருக்கிறதா?' என்ற கேள்விக்கு எந்தத் திறனறித் தேர்வும் பதில் சொல்லாது.

பணம் எங்கிருந்து வருகிறது?

மாணவர்கள் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமுள்ள நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பல அமைப்புகள் இந்த நிதியை நம்பியுள்ளன. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகள் அதில் 50 சதவீதம்வரை நிர்வாகத்துக்குச் செலவிடலாம் என்றிருந்ததை, 2020ஆம் ஆண்டுத் திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்தது. திட்டம் முடிந்தால் அதற்கான வேலையும் முடிந்துபோகலாம். இந்தத் துறையில் காலூன்ற நினைப்பவர், வீட்டுப் பொறுப்புகளையும் இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சம்பளம் குறித்து விசாரிப்பது சேவை மனப்பான்மைக்கு எதிரானதல்ல.

'ஒத்துவராது' என்பதும் லாபமே

கோடை முடிவில் ஒரு மாணவி, 'கள வேலை எனக்கு ஒத்துவராது. கணக்கு எழுதுவது பிடித்திருக்கிறது' என்று சொன்னால் அது தோல்வியன்று. இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பும் அதற்கான கட்டணமும் செலவான பிறகு தெரியவேண்டியது, ஒரு விடுமுறையிலேயே தெரிந்துவிட்டது. கணக்கில் தேர்ந்த நேர்மையான ஒருவரை எந்த அறக்கட்டளையும் ஊர் ஜமாஅத்தும் வரவேற்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடிக்காமல் போனது வேலையா, அந்த இடமா, அங்கிருந்த மேலாளரா என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு துறையையே ஒதுக்கிவிடக் கூடாது.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

1. அமைப்பு சங்கமாகவோ, அறக்கட்டளையாகவோ, பிரிவு 8 நிறுவனமாகவோ பதிவு பெற்றதா என்று பாருங்கள். ஆண்டறிக்கையைக் கேளுங்கள்.

2. என்ன வேலை, எத்தனை வாரம், யாருடைய மேற்பார்வை என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஊதியம் இல்லையென்றாலும் பயணப்படி கேட்பதில் தவறில்லை. பஸ் கட்டணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை, அதனாலேயே இந்த வாய்ப்பை இழந்துவிடக் கூடாது.

3. மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெறாத பயிற்சியாளருக்கும் பொருந்தும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார் குழு இருந்தாக வேண்டும். அது இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள்.

4. தினமும் மாலையில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? எதைத் தள்ளிப்போட்டேன்? இங்கே இருப்பவர்களில் யாருடைய வேலையை நான் செய்ய விரும்புவேன்?

கோடை முடியும்போது அந்த நோட்டை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள். அடுத்து என்ன படிப்பது என்று உறவினர்களிடம் ஆலோசனை கேட்பதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.