கொரிப்போ

கொரிப்போ, சுவிட்சர்லாந்தின் தெற்கே இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலத்தில் அமைந்துள்ள ஒரு மலைக்கிராமம் ஆகும். தனி ஊராட்சியாக இருந்தபோது, மக்கள்தொகை அடிப்படையில் இது அந்நாட்டின் மிகச் சிறிய ஊராட்சியாக அறியப்பட்டது. 2020 அக்டோபர் 18 அன்று அயல் ஊர்களுடன் இணைந்து, வெர்சாஸ்கா என்னும் புதிய ஊராட்சியின் பகுதியானது.

அமைவிடம்

இக்கிராமம் வெர்சாஸ்கா பள்ளத்தாக்கின் செங்குத்தான சரிவில், வொகோர்னோ ஏரிக்கு மேலே உள்ளது. இவ்வேரி, 1965இல் கட்டி முடிக்கப்பட்ட 220 மீட்டர் உயர அணையால் உருவானது. கற்சுவர்களும் கற்பலகை வேய்ந்த கூரைகளும் கொண்ட பழைய வீடுகள் இங்கு நெருக்கமாக அமைந்துள்ளன.

மக்கள்தொகை வீழ்ச்சி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு ஏறத்தாழ 300 பேர் வாழ்ந்தனர். விளைநிலம் மிகக் குறைவு என்பதால் பள்ளத்தாக்கின் குடும்பங்கள் குளிர்காலத்தில் மகாதினோ சமவெளிக்கு இறங்குவது வழக்கம். பலர் கலிபோர்னியாவுக்கும் ஆத்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். பின்னர் இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். இணைப்பின்போது எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ பத்துப் பேரே. அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள்.

ஊராட்சி இணைப்பு

சுவிட்சர்லாந்தில் கூட்டாட்சி, மாநிலம், ஊராட்சி என மூன்று அரசு நிலைகள் உள்ளன. ஊராட்சிகள் தமக்கென வரி விதிக்கின்றன. குடிநீர், சாலை, தொடக்கப்பள்ளி போன்றவற்றைக் கவனிக்கின்றன. இப்பணிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தேவை. பத்துப் பேர் வாழும் ஊரில் பதவிகளை நிரப்புவதே கடினம்.

புதிய ஊராட்சியில் கொரிப்போவுடன் பிரியோனே, பிராஸ்கோ, சொனோனியோ, வொகோர்னோ ஆகியவை முழுமையாக இணைந்தன. லவெர்த்தெட்சோ, குன்யாஸ்கோ-ஜெர்ரா ஆகிய இரண்டிலும் பள்ளத்தாக்கில் உள்ள பகுதிகள் மட்டுமே சேர்ந்தன. சமவெளிப் பகுதிகள் தனியே நின்றன.

இது நாடு முழுவதும் நிகழும் மாற்றமாகும். 1850இல் 3,203 ஆக இருந்த ஊராட்சிகளின் எண்ணிக்கை, 2024 தொடக்கத்தில் 2,131 ஆகக் குறைந்தது.

இணைப்பின் விளைவுகள்

சுவிசுக் குடிமக்களின் கடவுச்சீட்டில் பிறந்த ஊருக்குப் பதிலாக, குடும்பத்தின் பூர்வீக ஊராட்சியே குறிக்கப்படுகிறது. ஓர் ஊராட்சி மறையும்போது இப்பதிவும் பொதுவாகப் புதிய பெயருக்கு மாறுகிறது. எனவே இணைப்பு, ஊரைவிட்டு என்றோ வெளியேறிய குடும்பங்களையும் தொடுகிறது.

எனினும் ஊராட்சி மறைந்ததால் ஊர் மறைந்துவிடவில்லை. கொரிப்போவின் பழைய கட்டடங்களைக் காக்கும் முயற்சி 1975ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கட்டடக்கலை மரபு ஆண்டிலேயே தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக, வெறுமையாக இருந்த சில வீடுகள் புதுப்பிக்கப்பட்டு, 2022இல் 'பரவல் விடுதி'யாகத் திறக்கப்பட்டன. இதில் அறைகள் ஒரே கட்டடத்தில் இல்லாமல் ஊரின் பல வீடுகளில் உள்ளன; ஊர் உணவகமே வரவேற்பிடமாகச் செயற்படுகிறது.