கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும்



கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், அவரிடம் போகணும்; மடியில் இருக்கும் குழந்தைக்கு எதற்கு பாஸ்போர்ட் என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். பிறந்த குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் கட்டாயம்.

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்க. அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கணும். பிறந்த ஒரு வருடத்துக்குள் பெயர் பதியக் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதியைக் காட்ட இந்தச் சான்று மட்டும்தான் செல்லும்.

கையெழுத்து யார் போடுவது?

எழுதத் தெரிந்த பிள்ளை தானே போடலாம். தெரியாத ஆண் குழந்தைக்கு இடது பெருவிரல் ரேகை, பெண் குழந்தைக்கு வலது பெருவிரல் ரேகை.

‘இணைப்பு டி’ என்ற சம்மதப் படிவத்தில் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்துப் போடணும். வெள்ளைத்தாள் போதும், நோட்டரி தேவையில்லை. தகப்பன் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற உறுதிமொழிப் பத்திரம் அனுப்ப வேண்டும்.

கணவர் பிரிந்து போய்விட்டாரா? சம்மதம் தர மறுக்கிறாரா? கலங்க வேண்டாம். ‘இணைப்பு சி’ கொடுத்து தாய் மட்டுமே விண்ணப்பிக்கலாம்.

நேரில் போகும்போது

குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகணும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ வேண்டும். கட்டணம் 1000 ரூபாய். 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் என்றால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. சிறு குழந்தையின் பாஸ்போர்ட் 5 வருடம் செல்லும்.

யார் கேட்டாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீங்க. படிவத்தைக் குழுவில் ஒருத்தரை விட்டு வாசிக்கச் சொல்லி, புரிந்த பிறகு போடுங்க.