புறாத்தீவு

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி தீவு எனப்படும். தீவுகள் யாவும் ஒரே வகையில் தோன்றியவை அல்ல. எரிமலை கக்கிய குழம்பு இறுகிக் கடலுக்கு மேல் எழுந்தவை சில. பெருநிலத்தினின்றும் பிரிந்து நிற்பவை சில. பவளம் என்னும் சிற்றுயிர்களின் கூடுகள் திரண்டு, அவற்றின்மீது மணல் சேர்ந்து உண்டானவை சில. அரபிக் கடலில் உள்ள இலட்சத்தீவுகள் பவளத்தால் ஆகியவை. இலங்கையின் கிழக்குக் கரைக்கு அண்மையில் உள்ள புறாத்தீவோ பாறையால் ஆகியது. ஆயினும் அப்பாறையின் அடியைச் சுற்றிப் பவளம் வேலி கட்டினாற்போல் வளர்ந்துள்ளது. அவ்வேலியைக் காண்பதற்காகவே பல நாட்டு மக்களும் அத்தீவுக்கு ஒருநாட் பயணமாகச் சென்று மீள்கின்றனர்.

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் நிலாவெளி என்னும் கடற்கரை ஊர் உளது. அதன் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், கடலினுள்ளே, பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள் விளங்குகின்றன. அவையே புறாத்தீவு எனப் பெயர் பெற்றவை. புறாமலை என வழங்குவாரும் உளர். மாடப்புறாக்கள் அங்குள்ள பாறை இடுக்குகளில் கூடு கட்டி வாழ்வதால் இப்பெயர் ஏற்பட்டது. பெரிய தீவும் உண்மையில் மிகச் சிறியதே. அதன் நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். அகலம் ஏறத்தாழ 100 மீட்டர். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இத்தீவு குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்களமாக இருந்தது. 1963ஆம் ஆண்டில் இது சரணாலயமாயிற்று. 2003ஆம் ஆண்டில், சுற்றியுள்ள கடற்பகுதியும் சேர்ந்த தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. குண்டுகள் பாய்ந்த இடம் உயிர்களுக்குப் புகலிடமாக மாறியது.

இத்தீவுக்கு எல்லாப் பருவத்திலும் சென்றுவர இயலாது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் கீழைக்கடல் கொந்தளிக்கும், நீர் கலங்கும், படகு செலுத்துவது இடர் தரும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்திலோ இலங்கையின் நடுவே உள்ள மலைகள் மழையைத் தடுத்து மேற்குப் பகுதியிலேயே பெய்வித்துவிடுகின்றன. அக்காலத்தில் கீழ்க்கரைக் கடல் குளம்போல் அமைதியுற்று, பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆதலின் சித்திரை முதல் புரட்டாசி வரையுள்ள திங்களே இப்பயணத்துக்கு ஏற்ற காலமாகும்.

தீவைக் காண விரும்புவோர் காலையிலேயே நிலாவெளிக் கரைக்கு வந்து சேர்கின்றனர். பூங்காவைக் காத்துவரும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரிடம் அனுமதிச் சீட்டுப் பெற்று, மிதவை மேலங்கி அணிந்து, படகில் ஏறுகின்றனர். கால் மணி நேரத்திற்குள் படகு தீவை அடைகிறது. கரைக்கு அருகே பசுமை கலந்தும், அப்பால் கருநீலமாகவும் கடல் தோன்றுகிறது. தீவின் கரையில் வெண்மணலோடு கலந்து உடைந்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. பார்ப்பதற்கு அவை உலர்ந்த எலும்புகளைப் போன்றவை. அவற்றைக் கண்டு, பவளம் என்பது இத்துணைதானா என்று எண்ணுவோர், நீருக்குள் முகம் புதைத்த மறுகணமே வியப்பில் ஆழ்வர்.

நீருக்குள் விழித்துப் பார்த்தால் எப்பொருளும் மங்கலாகத் தோன்றும். இதற்குக் காரணம் உண்டு. காற்றிலிருந்து கண்ணுக்குள் புகும்போது ஒளிக்கதிர் வளைந்து, விழித்திரையில் உருவைத் தெளிவாக வீழ்த்துகிறது. நீரின் தன்மையும் விழியின் முன்புறத் தன்மையும் பெரிதும் ஒத்திருப்பதால், நீரிலிருந்து வரும் கதிர் அவ்வாறு போதிய அளவு வளைவதில்லை. ஆதலின் கண்ணுக்கு முன்னே சிறிது காற்று இருத்தல் வேண்டும். அதற்கெனவே கண்ணாடி பதித்த முகமூடி அணிகின்றனர். அதன் வழியே நோக்கும்போது பொருள்கள் தம் அளவினும் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகத் தோன்றும். வாயில் ஒரு வளைந்த குழலைக் கவ்விக்கொள்வர். அதன் மேல்முனை நீருக்கு வெளியே நிற்பதால், முகம் நீருள் இருக்கும்போதே மூச்சு விட இயலும். குழலை நீளமாக்கி ஆழத்திற் செல்லலாமே எனச் சிலர் எண்ணலாம். அது இயலாது. சற்று ஆழம் சென்றாலே நீரின் அழுத்தம் மார்பை நெருக்கும். வெளிவிட்ட காற்றே நீண்ட குழலுள் தங்கி மீண்டும் உட்புகும். ஆதலின் குழல் ஒரு முழத்திற்கு மேல் நீளாது. கால்களில் வாத்தின் அடிபோன்ற அகன்ற காலணிகளை அணிந்து, நீர்மேல் கவிழ்ந்து மிதந்தவாறே மெல்ல நகர்வர். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் இக்கருவிகள் ஒன்றுமின்றி, கல்லின் எடையால் ஆழ்ந்து, மூச்சை அடக்கிச் சிப்பி எடுத்தனர் என்பதை எண்ணுங்கால், அவர்தம் உரம் நன்கு விளங்கும்.

முகமூடி அணிந்து நோக்குவோர் காணும் காட்சி புதியதோர் உலகமாகும். மான்கொம்பு போல் கிளைத்த பவளங்கள் ஒருபால். மேசைபோல் அகன்று விரிந்தவை ஒருபால். மனித மூளையின் மடிப்புகளைப் போன்று வரி வரியாய்த் திரண்டவை மற்றொருபால். அவற்றிடையே மஞ்சளும் கருமையும் கலந்த மீன்கள் கூட்டங்கூட்டமாய் உலவுகின்றன. கிளியின் அலகு போன்ற வாயையுடைய கிளிமீன்கள் பவளத்தைக் கடித்துக் கொறிக்கும் ஓசை, நீருள் செவிக்கு நன்கு கேட்கும். அவை பாசியைத் தின்று, உடன் விழுங்கிய சுண்ணாம்பை நுண்மணலாக வெளியேற்றுகின்றன. கரையில் காணும் வெண்மணலில் ஒரு பகுதி அம்மீன்களின் உழைப்பால் விளைந்ததே. ஆமைகள் அசைந்து செல்வதுண்டு. துடுப்பின் நுனி கருத்த சிறு சுறாக்களும் அங்கே உலவுகின்றன. அவற்றைத் துன்புறுத்தாதவரை அவை மனிதரை விலகியே செல்லும். இக்கடற்பகுதியில் ஏறத்தாழ 100 வகைப் பவளங்களும் 300 வகை மீன்களும் வாழ்வதாக ஆய்வாளர் கூறுவர்.

பவளம் செடியும் அன்று, கல்லும் அன்று. அது ஓர் உயிரினம். ஒவ்வொரு பவளக் கிளையும் எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிவாழும் ஊராகும். அவை கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிரித்துத் தமக்குக் கூடு கட்டுகின்றன. அவற்றின் உடலுள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அப்பாசிகள் கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பங்கைப் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளமோ அவற்றுக்கு இருக்க இடம் அளிக்கின்றது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அப்பாசிகளால் அமைவதே. இங்ஙனம் குடியிருப்போரும் வீட்டாரும் ஒருவரை ஒருவர் ஓம்பி வாழும் வாழ்க்கைக்கு வெப்பமும் தெளிவும் ஆழமின்மையும் உடைய உவர்நீர் தேவை. வளர்ச்சியோ மிக மெதுவானது. திரண்ட வகைப் பவளம் ஓராண்டில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளரும். கிளைக்கும் வகை 10 சென்டிமீட்டர் வரை வளரலாம். ஒருவர் உயரத்திற்குத் திரண்ட பவளக் குன்று தோன்ற ஒரு நூற்றாண்டுக்கு மேலும் ஆகும். இவ்வாறு பல தலைமுறைப் பவளங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமைந்து பரந்த மேடே பவளப்பார் எனப்படும்.

கடலைக் காணாத உள்நாட்டு மாணவர்க்குப் பவளப்பாரின் பயனை விளக்க ஏரிக்கரையே தக்க சான்றாகும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தென்னேரி என்னும் ஊர் உளது. அதன் பெயரிலேயே ஏரி அமைந்திருக்கிறது. அவ்வூரின் பெரிய ஏரிக்குக் கரையே உயிர். கரை உடையின் நீர் வீணாகும், வயல் பாழாகும், ஊரும் வெள்ளத்திற்கு இரையாகும். ஆதலின் கரையில் ஒரு கூடை மண் எடுப்பதையும் உழவர் பொறுக்கமாட்டார். அதே மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்னும் குழுவைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்த முறையை எடுத்துரைக்கின்றன. பவளப்பாரும் இத்தகைய கரையே. ஏரிக்கரை உள்ளே உள்ள நீரைத் தடுத்து ஊரைக் காக்கிறது; பவளப்பார் வெளியிலிருந்து வரும் அலையை உடைத்துக் கடற்கரையைக் காக்கிறது. கடலடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே பவளப்பார்கள் கொண்டுள்ளன. ஆயினும் கடல்வாழ் உயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவற்றை நாடி வாழ்கின்றது. மீன்கள் குஞ்சு பொரித்து வளர்வதும் அங்கேயே. ஆகவே மீனவர்க்கு அது கரையுமாம், விளைநிலமுமாம்.

அக்கரையை வெட்டியதன் விளைவைத் தமிழகமே கண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவில், பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளத்தைச் சுண்ணாம்பு சுடவும் கட்டடம் எழுப்பவும் நெடுங்காலம் வெட்டி எடுத்தனர். காப்பிழந்த தீவுகளை அலை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுள் மறைந்தன. 1986ஆம் ஆண்டில் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. 2001ஆம் ஆண்டில் பவளங்கள் அனைத்தும் புலிக்கும் யானைக்கும் நிகரான சட்டக் காப்பைப் பெற்றன. தூத்துக்குடிக்கு அருகே தேய்ந்துவந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பார்களைக் கடலில் இறக்க நேர்ந்தது. இயற்கை விலையின்றி அளித்த கரையை அழித்துவிட்டு, மனிதன் பொருள் செலவிட்டு வேறு கரை கட்டவேண்டியதாயிற்று.

புறாத்தீவின் பவளத்துக்குச் சுண்ணாம்புக் காளவாயால் வந்த கேடு இல்லை. அதற்குக் கேடு அன்பர்களாலேயே நேர்ந்தது. போர்க்காலத்தில் அங்குச் செல்வார் அரியர். 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் காண வருவோர் தொகை பெருகியது. நீந்தத் தெரியாதோர் களைப்புற்றபோது பவளத்தின்மீதே கால் ஊன்றி நின்றனர். மற்றும் சிலர் நினைவுப் பொருளாக ஒரு கிளையை ஒடித்தனர். ஒருவர் ஒடிப்பது சிறிதே. ஆயினும் நாள்தோறும் வருவோர் ஒவ்வொருவரும் ஒரு சாண் அளவு அழிப்பின், ஓராண்டில் எஞ்சுவது யாது? இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமுற்றால் பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது அது நிறமிழந்து வெளுக்கும். வெப்பம் நீடித்தால் பட்டினியால் இறக்கும். 1998ஆம் ஆண்டில் இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைப் பார்கள் இவ்வாறு பெரிதும் அழிந்தன. திருகோணமலைப் பகுதி பெரும்பாலும் தப்பியது. தப்பியதைக் காப்பது பின்வந்தோர் கடனாகும்.

ஆகவே அங்குச் செல்வோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில உள. நீந்தத் தெரியாதவர் வழிகாட்டியின் துணையின்றி ஆழத்தை நாடலாகாது. நீரோட்டம் மிகுந்த பகுதியை விலக்குதல் வேண்டும். களைப்புற்றால் மல்லாந்து மிதத்தல் வேண்டுமேயன்றிப் பவளத்தின்மீது நிற்றலாகாது. நின்றால் பவளம் முறியும், காலும் கிழியும். மீனுக்குத் தீனி இடுதல், ஆமையைத் துரத்துதல், கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்துச் செல்லுதல் ஆகியவற்றையும் தவிர்த்தல் வேண்டும். கொண்டுசென்ற நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் திரும்பக் கொணர்தல் கடமையாகும். கண்ணால் துய்த்துக் கையால் தீண்டாதிருத்தலே இவை அனைத்தின் சாரமாகும்.

நண்பகலுக்குப் பின் கரைக்கு மீண்டோர் திருகோணமலையின் பிற காட்சிகளைக் காண்கின்றனர். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து உள. ஒவ்வொன்றின் வெப்பமும் வேறுவேறு அளவினது. நகரின் கடல்முனையில், செங்குத்தான பாறையின் உச்சியில், திருஞானசம்பந்தர் பாடிய கோணேசுவரர் கோயில் நிற்கின்றது. பழைய கோயிலைப் போர்ச்சுகீசியர் 1624ஆம் ஆண்டில் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். எஞ்சிய தூண்கள் பல கடலுள் வீழ்ந்தன. 1956ஆம் ஆண்டில் ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் மைக் வில்சன் என்னும் மூழ்குநரும் பாறையின் அடியில் கடலுள் கிடந்த அக்கற்களைக் கண்டனர். இக்காலத்துக் கோயிலுக்கு 1963ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே புறாத்தீவும் சரணாலயமாயிற்று.

இடிந்த கோயிலை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் மனிதர் மீண்டும் எழுப்பினர். கல்லும் சிற்பியும் பக்தியும் இருந்தால் அது இயலும். பவளப்பாரை எழுப்பும் சிற்பியோ கடுகினும் சிறிய உயிர். அதற்கு யாரும் கல் கொடுத்து உதவ இயலாது. விரைந்து கட்டுக என ஏவவும் இயலாது. தெளிந்த நீரும், மிகாத வெப்பமும், மனிதக் கால் படாத இடமுமே அது வேண்டுவன.